தெரிந்த சத்தம்

“அந்தப் பக்கம் தாங்கிப் பிடிடா, சாயுது!” என்று சார்சென் கத்தினார். அவருடைய இரண்டு மகன்களும், மருமகனும், கீழ் வீட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்து அந்த மரப்பெட்டியை ஒரு சாண் தூக்குவதற்குள் நான்கு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. பெட்டி ஆள் உயரம், உள்ளே மூன்று ஒலிபெருக்கிகள். கூடத்தின் மறுமூலையில் அதன் ஜோடி நின்றிருந்தது.

பகிலா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள். “சித்தப்பா, அதை நகர்த்தாதீங்க. அதே இடத்துல இறக்குங்க.”

“இறக்கிட்டு? உங்கப்பாவை எங்கம்மா கிடத்துறது? ஆஸ்பத்திரி வண்டி இப்ப வந்துடும்.”

“அந்தச் சுவரோரம் கிடத்தலாம். சோபாவையும் அலமாரியையும்தான் வெளியே எடுத்தாச்சே.”

தரையில் பெட்டியின் நான்கு மூலைக்கும் அப்பா சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார். மாதக்கணக்கில் விரற்கடை விரற்கடையாக நகர்த்திக் கண்டுபிடித்த இடம் அது. துக்க வீட்டில் நாலு பேர் முன்னால் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால், “ரொம்பக் கனம், யாருக்காவது இடுப்பு பிடிச்சுக்கும்” என்று மட்டும் சொன்னாள். பையன்களுக்கு அந்தக் காரணம் உடனே பிடித்துவிட்டது.

ஜன்னலோரம் நின்றிருந்த அம்மா கதீஷா திரும்பாமலே பேசினாள். “இன்னிக்கு விட்டுடு தம்பி. நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் உன் வண்டியிலேயே ஏத்திக்கிட்டுப் போ. கல்யாண மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வேணும்னு சொல்லிட்டிருந்தியே.”

“நான் அதுக்காகச் சொல்லல அண்ணி…”

“எனக்கு எதுக்குப்பா அது? எனக்குப் போடவும் தெரியாது, கேக்கவும் தெரியாது.”

அப்பா போன பொழுது இன்னும் சாயவில்லை, அதற்குள் பெட்டிகளுக்கு வேறு வீடு பார்த்தாயிற்று. வேண்டாம் என்று சொல்லப் பகிலா வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? அது நல்ல பெட்டி என்றா? அதை அப்பாவே ஒரு நாளும் சொன்னதில்லையே.

அப்பாவின் அக்கா நூர்ஜமால், துக்க முறைப்படி வீட்டிலிருந்த கண்ணாடியையும் டிவியையும் மூடிய கையோடு அந்த இரண்டு பெட்டிகளுக்கும் வெள்ளைத் துணி போர்த்தினாள். சாவு வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த இரண்டு பெரிய மனிதர்கள் போல அவை மூலைக்கு ஒன்றாக நின்றன.

அப்பா துலேகென் அல்மாட்டி நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இந்தப் பேட்டையில் அவர் கை படாத லிஃப்ட் கிடையாது. ஓய்வு பெற்றதும் மற்ற ஆண்களைப் போல மீன் பிடிக்கவோ அரசியல் பேசவோ போகாமல், இழுத்து மூடிய ஒரு திரையரங்கிலிருந்து பழைய ஒலிபெருக்கிகளை வாங்கிவந்து பால்கனியில் தச்சு வேலை தொடங்கினார். பெட்டிகளைப் பாட வைக்க, வால்வு போட்ட பழைய மாதிரி ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் தானே கட்டினார். கதீஷா ஊறுகாய் போடும் முட்டைக்கோஸ் பீப்பாய்க்குக்கூட பால்கனியில் இடமில்லாமல் போனது.

போன இலையுதிர் காலத்தில் வேலை முடிந்தது. முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. “இனி கேட்டுப் பாக்கணும்” என்றுதான் சொன்னார். அங்கேதான் வில்லங்கமே ஆரம்பித்தது. கேட்டுப் பார்க்க ஒரு பதிவு வேண்டும். போனில் வரும் பாட்டுகள் ஆகாது, பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை அமுக்கி அடைத்தது அது. ஒரு நொடியை லட்சக்கணக்கான துண்டுகளாக அரிந்து எதையும் விடாமல் வைத்திருக்கும் உயர்ந்த பதிவாக வேண்டும். ரொட்டித் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை முடிந்து வந்து, மாலை முழுக்கப் பகிலா கணினியில் தேடினாள்.

கிடைத்தவற்றில் பாதி போலி. அப்பாவும் அவர் நண்பர் யூரா கிம்மும் பதிவைக் கணினியில் திறந்து ஒலியின் படத்தைப் பார்ப்பார்கள். நிஜமான பதிவு என்றால் உச்சியில் புகை போல மெல்ல மங்கிப் போகும். போலி என்றால் ஒரு உயரத்துக்கு மேல் கத்தியால் வெட்டியது போல வெறுமையாக இருக்கும். பழைய சாதாரணப் பதிவை ஊதிப் பெருக்கிப் பெரிய பெயர் வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

“குமிஸ்ல தண்ணி ஊத்திட்டான்” என்பார் அப்பா, புளித்த குதிரைப்பாலில் கலப்படம் செய்தவனைத் திட்டுவது போல.

“அந்த உச்சிச் சத்தமெல்லாம் வௌவாலுக்குத்தான் கேக்குமாமே?” என்பாள் அம்மா சமையலறையிலிருந்து. “சாப்பிட வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டாக் கேக்காத காது. அதுக்கு வௌவாலோட பாட்டு வேணுமாம்!”

யூரா கிம் சிரிப்பார். தொலைபேசி நிலையத்தில் காலம் தள்ளிய, கொரிய வம்சத்தவர் அவர். இரண்டு பேரும் நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே நண்பர்களாக இருந்தார்கள்.

நிஜமானவையும் கிடைத்தன. ஒரு ஜெர்மன் தேவாலயத்தின் ஆர்கன், எங்கோ வடக்கே பனித்தேசத்துப் பெண்கள் பாடிய பாட்டு. கேட்டுவிட்டு அப்பா தலையைச் சொறிவார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க நிஜமா இப்படித்தான் கேக்குமா? நான் அந்தக் கோயிலுக்குப் போனதில்லையே. முன்னப்பின்ன பாக்காத ஆளோட போட்டோவைக் காட்டி, சாயல் சரியா இருக்கான்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

அப்புறம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளிலும் அதே பேச்சுதான். “எனக்குத் தெரிஞ்ச சத்தமா ஒண்ணு தேடு பகிலா. அது சரியாக் கேட்டுச்சுன்னா, நான் இத்தனை வருஷம் செஞ்சது வீண் போகலைன்னு அர்த்தம். இல்லைன்னா விறகுக்குப் போடு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூரா கிம், “விறகுக்கெல்லாம் வேணாம், நான் கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு கரகண்டாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பிப் போனார். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

அப்பா இறந்த மறுநாள் காலையிலிருந்து வீடு நிறைந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுக் கம்பளங்களைக் கொண்டுவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டார்கள். தரையில் மெத்தை மெத்தையாக விரித்தார்கள். திரைக்குப் பின்னால் அப்பா வெள்ளைத் துணிக்குள் இருந்தார்.

அந்த வீட்டில் ஆள் வருவதை வாசல் மணி சொல்வதற்கு முன் லிஃப்ட் சொல்லிவிடும். பழைய லிஃப்ட். கீழே மோட்டார் முனகும். நான்காவது மாடியைத் தாண்டும்போது எதிலோ உரசும். ஆறாவதில் ஒரு குலுக்கலோடு நின்று கதவு இரண்டாகப் பிரியும். அந்தக் குலுக்கல் கேட்டதும் கூடத்துப் பெண்கள் சுவர்ப் பக்கம் திரும்பி ஒப்பாரியை எடுத்துவிடுவார்கள். வருகிற ஆண்கள் நடைவழியிலேயே “ஐயோ என் ரத்தமே!” என்று குரல் கொடுத்தபடி வர, உள்ளே நூர்ஜமால் அத்தை முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் பின்னால் இழுப்பார்கள். முறை என்றால் முறை. ஒரு தடவை வந்தது எதிர்வீட்டு கலீனாவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். திறந்திருந்த கதவு வழியே அத்தனை பெண்களும் தன்னைப் பார்த்து அழுததும், பாவம், கேனை அங்கேயே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அத்தை பாட்டைப் பாதியில் நிறுத்தி, “போப்பா, போப்பா, உனக்கில்லை” என்றாள்.

அம்மா மட்டும் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், குனிந்தாள், உதட்டை அசைத்தாள். கண்ணில் ஈரம் இல்லை. வந்தவர்கள் பார்த்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்வதைப் பகிலா பார்த்தாள். அவளுக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. கல்லாக உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் பிறகு நோயில் விழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்.

முற்றத்தில் தொழுகை முடிந்து ஆண்கள் அப்பாவைக் கொண்டு போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டில் எண்ணெய் காய்ந்தது. செத்தவருக்கான ரொட்டிகளைத் தட்டிப் போட்டார்கள், குதிரைக்கறி அண்டாவில் கொதித்தது. வேலை இருந்ததால் கொஞ்சம் பேச்சும் வந்தது.

அந்த நேரத்தில்தான் யூரா கிம் வந்து சேர்ந்தார். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஆறு மாடியும் ஏறி வந்திருந்தார். வாசலிலேயே கசாக்கியர்களைப் போலக் குரலெடுத்து அழுதார். பனியில் ரயில் தாமதம். இடுகாட்டுக்கு ஓடுகிறேன் என்று திரும்பியவரை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இப்பப் போனா மண்ணு போட்டு முடிச்சிருப்பாங்க. உக்காருங்க. குழந்தை பொறந்துச்சா?”

“பையன் அண்ணி.”

“நல்லா இருக்கட்டும்.”

கூடத்தில் அவர்கள் மூன்று பேர்தான். யூரா கிம் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மெத்தையில் உட்கார்ந்து, துணி போர்த்திய பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு கேட்டது கெடச்சுதா?” என்று அம்மா திடீரென்று கேட்டாள்.

“கெடச்சுது. கையிலதான் வெச்சிருக்கேன். என்ன பிரயோஜனம்?”

“போடுங்க.”

பகிலா அம்மாவைப் பார்த்தாள். வாசலில் ரொட்டித் தட்டோடு நின்ற நூர்ஜமால் அத்தையும் பார்த்தாள். “கதீஷா! புத்தி கெட்டுப் போச்சா? மண்ணு ஈரம் காயல, துக்க வீட்ல பாட்டா? ஒரு வருஷத்துக்கு இந்த வீட்ல ஒரு தந்தி அதிரக் கூடாது!”

“பாட்டு இல்லக்கா” என்றார் யூரா கிம்.

“பாட்டு இல்லாம அந்தப் பெட்டியில என்ன வரும்? என் தம்பியைத் தின்ன பெட்டி!” அத்தை தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா கேட்டாள்: “அவரு குரலா?”

“இல்ல அண்ணி. யார் குரலும் இல்ல.” யூரா கிம்முக்கு அதைச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. “அவருக்கு இந்த உலகத்துல ரொம்ப நல்லாத் தெரிஞ்ச சத்தம் என்னன்னு யோசிச்சேன். சினிமா ஸ்டூடியோவுல ஒரு சிநேகிதன் இருக்கான், அவன்கிட்ட மைக் ரெண்டு கடன் வாங்கினேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப விடியக்காலையில வந்து உங்க வாசலுக்கு வெளியே வெச்சேன். கலீனா என்னைத் திருடன்னு நினைச்சு விளக்குமாத்தைத் தூக்கிட்டு வந்துட்டா.”

பகிலா துணிகளை விலக்கினாள். ஆம்ப்பின் வால்வுகள் சூடாகட்டும் என்று காத்திருந்தார்கள். யூரா கிம் கையை ஒரு தடவை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். “எதிரொலியே இல்ல. கம்பளம் மாட்டுங்கன்னு அவரு கெஞ்சினாரே, தூசி அடையும்னு மாட்டவே இல்ல நீங்க.”

“ஆமா” என்றாள் அம்மா. “மாட்டல.”

யூரா கிம் பொத்தானை அழுத்தினார்.

முதலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே வித்தியாசமாக இருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கத்து நடைவழி, குளிர்ந்த சிமெண்ட், எங்கோ சொட்டும் குழாய், எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டதாகப் பகிலாவுக்குத் தோன்றியது. பிறகு ரொம்பக் கீழே மோட்டார் முனகியது. தரை வழியாக அது அவள் முழங்காலுக்கு வந்தது. கயிறு இழுபட்டது. நான்காவது மாடியில் உரசியது, வலப்பக்கம். சத்தம் சுவருக்குள் ஏறி ஏறி வந்தது. குலுக்கலோடு நின்றது. கதவு பிரிந்தது.

யூரா கிம்மின் விரல் அழுத்தியதைத் தன் கண்ணால் பார்த்திருந்தும் பகிலா வாசல் பக்கம் திரும்பினாள்.

அதே நேரம் சமையலறைக் கதவு படீரென்று திறந்தது. “ஆள் வந்தாச்சு, ஆள் வந்தாச்சு!” என்று மூன்று பெண்கள் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து சுவரோரம் விழுந்தார்கள். அத்தை முக்காட்டை இழுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, வானம் கேட்கும் குரலில் எடுத்தாள். அவர்களோடு ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கலீனா ஓடிப் போய் வாசலை அகலத் திறந்து பிடித்து, வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நடைவழியில் யாரும் இல்லை.

கலீனா எட்டிப் பார்த்தாள். “லிஃப்ட் இங்க இல்லையே. கீழ நிக்குது” என்றாள்.

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக உதிர்ந்து நின்றது. அத்தை மட்டும் இன்னும் ஒரு அடி பாடிவிட்டுத்தான் நிறுத்தினாள். எல்லோரும் யூரா கிம்மைப் பார்த்தார்கள். அவர், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் போல, ஒரு விரலால் பெட்டியைக் காட்டினார்.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பகிலா பதறித் திரும்பினாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. காலையிலிருந்து வராத கண்ணீர் அப்படி வந்தது. பகிலா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

“நெசமாவே பெட்டிதானா?” என்றாள் அத்தை. “செத்தும் ஏமாத்துறான் பாரு என் தம்பி. ஏய் யூரா, இன்னொரு தடவை போடு.”

போட்டார். இந்த முறை எல்லோரும் மெத்தையில் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். நான்காவது மாடியில் உரசும்போது கலீனா தலையை ஆட்டினாள். “அந்த உரசலைச் சரி பண்ண மாட்டாங்களான்னு நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!”

“லிஃப்ட் ஓடுற வலப்பக்கத் தண்டவாளம்” என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “மாத்தணும்னு எழுதிக் கேட்டாரு. ஆபீஸ்ல புதுசு குடுக்கவே இல்ல.” பிறகு, “வலப்பக்கம்தானே கேக்குது?” என்று யூரா கிம்மிடம் கேட்டாள்.

“வலப்பக்கம்தான் அண்ணி. வேற எந்தப் பெட்டியிலயும் நான் இதைப் பக்கம் பிரிச்சுக் கேட்டதில்ல. எங்க வீட்டுப் பெட்டியில மோட்டார் மட்டும்தான் கேட்டுச்சு.” நாற்பது வருஷச் சண்டையில் அவர் தோற்றதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. “சரியா இருக்கு” என்றார் மெல்ல. “துலேகென் பண்ணது சரியா இருக்கு.”

பகிலா அந்தச் சொல்லை அப்பாவின் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்டவள். யார் வாயிலிருந்து வந்தால் என்ன, அது சொல்லப்பட்டுவிட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

இன்னொரு தடவை கேட்டார்கள். பிறகு யாரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது மோட்டார் முனகியது, நான்காவதில் உரசியது, குலுங்கி நின்றது.

“இந்தத் தடவைதான் ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் அத்தை கண்ணை மூடிக்கொண்டே.

“நான் எதுவும் போடலியே அக்கா” என்றார் யூரா கிம்.

வாசலில் சார்சென் நின்றிருந்தார். காலணியில் இடுகாட்டு மண். பின்னால் அவருடைய மகன்கள், இன்னும் ஏழெட்டுப் பேர். “ஐயோ என் ரத்தமே” என்று பாதி தூரம் அழுதுகொண்டு வந்தவர், கூடத்தில் பெண்கள் வரிசையாக, அமைதியாக, ஏதோ நாடகம் பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பதைக் கண்டு சட்டென்று அழுகையை நிறுத்தினார்.

“என்ன இது? மண்ணு போட்டுட்டு வர்றோம், ஒரு அழுகுரல் இல்ல?”

“கோவிச்சுக்காத தம்பி” என்றாள் அம்மா எழுந்தபடி. “நீ நெசமா வந்திருக்கன்னு எங்களுக்குத் தெரியல.”

அத்தை அவசரமாக முறையைத் தொடங்கி வைத்தாள். இந்தத் தடவை அம்மாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

கறியும் தேநீரும் முடிந்து, தொழுது, ஒவ்வொருவராக எழத் தொடங்கினார்கள். சார்செனின் மூத்த மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியின் அருகில் குனிந்தான்.

“கையை எடு கண்ணு” என்றாள் அம்மா. “அது அங்கேயே இருக்கட்டும்.”

“நீங்கதானே அண்ணி நேத்து…” என்றார் சார்சென்.

“சொன்னேன். நேத்து அதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உன் மண்டபத்துக்கு வேற வாங்கிக்கோ. இது கல்யாணத்துக்கு ஆகாது தம்பி. எவனாவது குடிச்சுட்டு வாழ்த்துப் பேசினான்னா, அவன் பொய்ப்பல்லு ஆடுறதுகூட இதுல கேக்கும்.”

“வருஷம் திரும்புற வரைக்கும் பாட்டே போட முடியாதே. சும்மா வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

அம்மா வெள்ளைத் துணியை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினாள். சார்சென் தோளைக் குலுக்கிவிட்டுக் காலணி மாட்டப் போனார். மகனும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம்தான்.

கூடம் காலியானது. அம்மா யூரா கிம்மின் தேநீர்க் கிண்ணத்தை வாங்கிப் பகிலாவிடம் நீட்டிவிட்டு, அவர் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டாள்.

“மழை கெடைக்குமா?”

“என்ன அண்ணி?”

“மழைச் சத்தம். நல்லதா, தண்ணி ஊத்தாததா. அது பாட்டு இல்லையே, அக்கா ஒண்ணும் சொல்ல முடியாதில்ல?”

யூரா கிம் மேல்கோட்டின் பொத்தான்களை அப்போதுதான் கழற்றினார். “மழைன்னா எந்த மழை? இலை மேல பெய்யுறதா, தெருவுல பெய்யுறதா? ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி.”



“தகரக் கூரை மேல. ராத்திரி பெய்யுறது.”

அம்மாவும் அப்பாவும் எந்தக் காலத்தில் தகரக் கூரையின் கீழ் இருந்தார்கள் என்று பகிலாவுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. மூன்று பேரின் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு, இன்னொரு சுற்றுத் தேநீருக்குப் பால் சூடாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.